ஏற்றுமதிச் சாக்கும் துப்பாக்கியும்: வாசகர் கேள்வி – பதில்

ஏழை நாடுகளின் அரசுகள் தம் சொந்த மக்களையே ஏன் சுடுகின்றன என்று ஒரு வாசகர் கேட்டதற்குக் கடந்த இதழில் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். ஒன்றிரண்டு பொருள்களை மலிவாக விற்று வாழும் நாட்டில், அந்த மலிவைக் காப்பாற்றுவதே அரசின் வேலையாகிவிடுகிறது என்பதுதான் அதன் சாரம். விளக்கம் போதாது என்று குமரி மாவட்டத்திலிருந்தே பல கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: நான் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) தொலி உரிக்கும் வேலை செய்கிறேன். எங்களுக்கு வரும் சாக்குகளில் மொசாம்பிக், தான்சானியா, கினி-பிசாவ் என்றெல்லாம் அச்சடித்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு அண்டி உடைக்கத் தெரியாதா? ஏன் இவ்வளவு தூரம் கப்பலேற்றி அனுப்புகிறார்கள்? – ஒரு வாசகி, கருங்கல்

பதில்: அவர்களுக்கு நன்றாகவே தெரியும், அம்மா. மொசாம்பிக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்ற நாடுகளின் நிலையும் ஓரளவு விளங்கும். போர்ச்சுகீசிய ஆட்சியின் கடைசிக் காலத்தில், அதாவது 1970-களின் தொடக்கத்தில், உலகிலேயே அதிகமாக முந்திரி விளைந்த நாடுகளில் அது முன்வரிசையில் இருந்தது. உடைக்கும் ஆலைகளும் அங்கேயே இருந்தன. 1975-ல் விடுதலை கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டு 1992 வரை நீடித்தது. அரசை எதிர்த்த ரெனமோ படைக்கு முதலில் வெள்ளையர் ஆண்ட ரொடீசியாவும் (இன்றைய ஜிம்பாப்வே), பின்னர் நிறவெறித் தென்னாப்பிரிக்காவும் ஆயுதமும் பணமும் கொடுத்தன. போர் ஓய்ந்தபோது சாலைகள் அழிந்திருந்தன, தோப்புகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன, கருவூலம் கடனில் மூழ்கியிருந்தது.

அந்த நிலையில்தான் உலக வங்கி வந்தது. கடனுதவி வேண்டுமானால் உடைக்காத கொட்டையின் ஏற்றுமதி வரியைக் குறைக்க வேண்டும் என்று 1995-ல் நிபந்தனை விதித்தது. வரி குறைந்தால் கொட்டைக்கு நல்ல விலை வரும், அதனால் சிறு விவசாயி பிழைப்பான் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் உள்நாட்டு ஆலைகளுக்குக் கொட்டை கிடைக்கச் செய்த வேலியே அந்த வரிதான். வேலியைத் தளர்த்தியதும் வணிகர்கள் கொட்டையை அப்படியே கப்பலேற்றினார்கள். அதில் பெரும்பகுதி இந்தியாவுக்கு, அதிலும் கொல்லத்தை மையமாகக் கொண்ட ஆலைகளுக்கு வந்தது. மொசாம்பிக்கின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, ஏறத்தாழ 10,000 தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலை இழந்தனர். விவசாயிக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் ஆண்டுக்குச் சில டாலர்கள்தான் என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. மிச்சம் இடைத்தரகர்களிடம் தங்கிவிட்டது.

ஆகவே உங்கள் கையில் வந்து சேரும் கொட்டை, உங்களைப் போன்ற பெண்கள் வேலை இழந்த நாட்டிலிருந்து வருகிறது. உங்கள் கூலியும் கிலோக் கணக்கில்தான் அளக்கப்படுகிறது. உடைக்கும் பகுதியில் இருப்பவர்கள் கையில் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ தடவிக்கொண்டாலும், கொட்டையின் பால் பட்டு விரல்கள் கருத்துத் தோல் வெடிப்பது உங்களுக்குத் தெரியும். இரு முனையிலும் இருக்கும் கைகளுக்கு மிகக் குறைந்த பங்கே கிடைக்கிறது. வறுத்து, உப்பிட்டு, பொட்டலம் கட்டி, பெயர் ஒட்டி விற்கும் வெளிநாட்டுக் கம்பெனியும் கடையும்தான் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன.

இதில் துப்பாக்கி எங்கே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். உள்ளதை உடைக்காமல் விற்று, உண்பதை வெளியிலிருந்து வாங்கும் நாட்டுக்குச் சமாளிக்க இடம் இருப்பதில்லை. 2010 செப்டம்பரில் மொசாம்பிக் நாணயத்தின் மதிப்பு சரிந்தது, கோதுமை விலை ஏறியது, அரசு ரொட்டி விலையை உயர்த்தியது. தலைநகர் மபூட்டோவில் இளைஞர்கள் டயர்களைக் கொளுத்திச் சாலையை மறித்தார்கள். காவல்துறை உண்மைத் தோட்டாக்களால் சுட்டது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், அவர்களில் குழந்தைகளும் உண்டு. சில நாள்களில் அரசு ரொட்டி விலை உயர்வைத் திரும்பப் பெற்றது. அப்படியானால் முதலிலேயே அதைச் செய்திருக்க முடியும். பிணங்கள் விழுந்த பிறகுதான் அந்த முடிவு வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

கேள்வி: மீன்பிடிப் படகு வாங்கிய கடனால் ஒரு நாடே திவாலானது என்று படித்தேன். அதுவும் மொசாம்பிக்தானாமே? நாங்கள் ஆழ்கடலுக்குச் சூரை பிடிக்கப் போகிறவர்கள். எங்கள் படகுக் கடனே எங்களுக்குப் பெரும் பாரம். ஒரு நாட்டை மூழ்கடிக்கிற அளவுக்குப் படகுக் கடன் எப்படி வரும்? – வாசகர், தூத்தூர்

பதில்: ஆம், மொசாம்பிக்தான். படகு ஒரு சாக்கு மட்டுமே. 2013, 2014 ஆண்டுகளில் மூன்று அரசு நிறுவனங்களின் பெயரில் ஏறத்தாழ 200 கோடி டாலர் கடன் வாங்கப்பட்டது. கிரெடிட் சுவிஸ், வி.டி.பி. ஆகிய வங்கிகள் ஏற்பாடு செய்தன, அரசு பிணை நின்றது. அதில் பெரும்பகுதி நாடாளுமன்றத்துக்கும் மக்களுக்கும் மறைக்கப்பட்டது. சூரை பிடிப்பதற்காக என்று பிரான்சின் ஷெர்பூர் கப்பல் கட்டும் தளத்தில் செய்யப்பட்ட 24 படகுகள் வந்தன. அவை பெரும்பாலும் மபூட்டோ துறைமுகத்திலேயே கட்டிக்கிடந்தன. அதே ஏற்பாட்டில் கடல் காவல் படகுகளும் வாங்கப்பட்டன. 2016-ல் உண்மை வெளிவந்ததும் பன்னாட்டு நிதியமும் உதவி நாடுகளும் பணத்தை நிறுத்தின. நாணயம் சரிந்தது. யார் கையெழுத்திட்டார்களோ அவர்கள் வீட்டு அடுப்பு அணையவில்லை.

எதை நம்பி வங்கிகள் இவ்வளவு கடன் கொடுத்தன என்று பாருங்கள். 2010 முதல் வடக்கே காபோ டெல்காடோ மாகாணத்தின் கடலில் பெரும் எரிவாயு வளம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. வராத வருமானம் முன்கூட்டியே அடகு வைக்கப்பட்டது. எரிவாயு ஆலைக்காக அங்கே கடலோரத்தில் குடியிருந்த மீனவக் குடும்பங்கள் கரையை விட்டு உட்பகுதியில் கட்டிய குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். கரையில் படகை விட்டு, பல மைல் தள்ளிக் குடியிருப்பது என்ன வாழ்க்கை என்பதைத் தூத்தூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2017 அக்டோபரில் அந்த மாகாணத்தில் ஆயுதக் கிளர்ச்சி தொடங்கியது. கிளர்ச்சியாளர்கள் கிராமத்தினரை மிகக் கொடூரமாகக் கொன்றார்கள், அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அரசுப் படைகள் மீதும் சித்திரவதை, கொலை ஆகிய குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2021 மார்ச்சில் பால்மா நகரம் தாக்கப்பட்டபின், எரிவாயு ஆலையைக் கட்டிவந்த பிரெஞ்சு நிறுவனமான டோட்டல் வேலையை நிறுத்தியது. ஜூலையில் ருவாண்டா படைகள் வந்து முதலில் பாதுகாத்தவற்றுள் எரிவாயுப் பகுதியும் ஒன்று. 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு முறைகேட்டை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அந்நாட்டு மனித உரிமை அமைப்புகள் கணக்கிட்டுள்ளன.

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் உண்டு. ஷீட் விலையைக் கோட்டயத்தில் சொல்கிறார்கள், கோட்டயம் பாங்காக்கைப் பார்க்கிறது. விளைவிக்கிற எங்களுக்கு விலை சொல்லும் உரிமை எந்தக் காலத்திலும் வராதா? – வாசகர், குலசேகரம்

பதில்: இந்தக் கேள்வியையே ஒரு கோட்பாடாக வளர்த்தவர் அர்ஜென்டினாவின் மத்திய வங்கியை நடத்திய ரவுல் பிரெபிஷ். சிலியின் சாண்டியாகோவில் ஐக்கிய நாடுகளின் இலத்தீன் அமெரிக்க ஆணையத்துக்காக 1949-ல் அவர் எழுதிய அறிக்கையின் கருத்து இது: தொழில் வளர்ந்த நாடுகளில் உற்பத்தித் திறன் கூடும்போது அதன் பலன் கூலியாகவும் இலாபமாகவும் அங்கேயே தங்குகிறது, மூலப்பொருள் விற்கும் நாடுகளில் அதே பலன் விலைக் குறைவாக வெளியே போய்விடுகிறது. அங்கே சங்கங்கள் வலுவானவை. இங்கே ஒருவர் மறுத்தால் அந்த வேலைக்குப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் 2016-ன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே இறங்கியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அப்போது உர விலை குறையவில்லை, டயர் விலையும் பாதியாகவில்லை. பால் வெட்டுவதைத்தான் நிறுத்தினார்கள்.

ஆனாலும் நம் மாவட்டத்தில் விலை சரிந்தபோது பால்வெட்டுத் தொழிலாளி மீது யாரும் துப்பாக்கி நீட்டவில்லை. நியாயவிலைக் கடை அரிசி, சங்கம், ரப்பர் வாரியம், வாக்குச்சீட்டு ஆகியவை குறுக்கே நின்றன. இவை தானாக வந்தவையல்ல, போராடிப் பெற்றவை. இவை எதுவுமே இல்லாத இடத்தில் ரப்பர் என்ன செய்தது என்பதற்குப் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கையில் 1885 முதல் 1908 வரை இருந்த காங்கோவே சான்று. குறித்த அளவு காட்டு ரப்பர் கொண்டுவராத கிராமங்களில் சிப்பாய்கள் மனிதரின் கைகளை வெட்டினார்கள். அந்தக் கொடுமை உலகுக்குத் தெரியவந்த காலத்திலேயே திருவிதாங்கூர் மலைகளில் தோட்ட ரப்பர் நடப்பட்டுக்கொண்டிருந்தது.

கேள்வி: இலத்தீன் அமெரிக்க இராணுவ ஆட்சிகளுக்கு அமெரிக்கச் சதியே காரணம் என்று ஒரு பேராசிரியரும், அந்நாட்டவரின் ஊழலே காரணம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். நான் எதை ஏற்பது? – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: இரண்டையும் தனித்தனியாக ஏற்காதீர்கள். குவாதமாலாவில் 1952-ல் அதிபர் ஆர்பென்ஸின் அரசு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பெரும்பண்ணைகளில் தரிசாகக் கிடந்த நிலத்தை எடுத்து உழவர்களுக்குக் கொடுப்பது அதன் நோக்கம். நாட்டின் மிகப்பெரிய நிலவுடைமையாளர் அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியான யுனைடெட் ஃப்ரூட். வரி கட்டுவதற்காகக் கம்பெனி தானே காட்டியிருந்த மதிப்பையே அரசு இழப்பீடாகத் தர முன்வந்தது, கம்பெனி அதைப் போலப் பல மடங்கு கேட்டது. 1954 ஜூனில் சி.ஐ.ஏ. ஏற்பாடு செய்த படையெடுப்பில் ஆர்பென்ஸ் பதவி இழந்தார். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் போயினர். ஐக்கிய நாடுகளின் ஆதரவில் அமைந்த உண்மை அறியும் ஆணையம் 1999-ல் அளித்த அறிக்கை, பதிவான மீறல்களில் 93 விழுக்காட்டுக்கு அரசுப் படைகளும் அவற்றோடு சேர்ந்த துணைப்படைகளுமே பொறுப்பு என்றது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாயா பழங்குடியினர்.

சிலியின் கதை இன்னும் நேரடியானது. 1971 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒருமனதாகச் செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. சோசலிசத் தலைவர் அலெந்தே அதிபராகப் பதவி ஏற்கும் முன்பே, 1970 செப்டம்பரில், சிலியின் பொருளாதாரத்தை அலற வைக்கச் சொல்லி அமெரிக்க அதிபர் நிக்சன் உத்தரவிட்டதற்குச் சி.ஐ.ஏ. தலைவரின் கைக்குறிப்பு இருக்கிறது. 1973 செப்டம்பர் 11 அன்று இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் போயினர். ஆனால் ஆட்சியைப் பிடித்த தளபதி பினோசே அந்த அரசுச் செம்புச் சுரங்கங்களை அமெரிக்கக் கம்பெனிகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அரசுச் செம்பு நிறுவனத்தின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒரு பங்கு ஆயுதம் வாங்க இராணுவத்துக்கே போக வேண்டும் என்று சட்டம் இருந்தது. அது 2019-ல்தான் நீக்கப்பட்டது. ஏற்றுமதிப் பொருளுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவை இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்த சட்டத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இனி மறுபக்கம். கோஸ்டாரிகாவும் காப்பியும் வாழைப்பழமும் விற்று வாழ்ந்த நாடுதான், அங்கேயும் அதே யுனைடெட் ஃப்ரூட் இருந்தது. 1948-ல் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின் அந்த நாடு தன் இராணுவத்தையே கலைத்துவிட்டது, மறு ஆண்டு அரசியலமைப்பிலும் அதை எழுதிவைத்தது. அங்கே காப்பி விளைவித்தவர்களில் சிறு உடைமையாளர்கள் மிகுதி. குவாதமாலாவிலோ பழங்குடியினரைக் கட்டாயமாகத் தோட்ட வேலைக்கு அனுப்பும் சட்டங்கள் 1940-கள் வரை இருந்தன. ஆகவே வெளிச் சந்தையைச் சார்ந்திருப்பது அழுத்தத்தைத் தருகிறது. அந்த அழுத்தத்தை யார் முதுகில் இறக்குவது என்பதை உள்நாட்டு நில உறவும் ஆளும் வர்க்கமும் முடிவு செய்கின்றன. என் முடிவு இதுதான்: உங்கள் பேராசிரியர்கள் இருவரும் பாதிப் பாதி உண்மையைச் சொல்கிறார்கள், அந்தப் பாதிகளைச் சேர்த்து வைக்காமல் இந்த வரலாறு விளங்காது.

கேள்வி: என் பாட்டி இலங்கையில் தேயிலை பறித்தவர். ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்டு அரசு ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பாட்டியை யாரும் சுடவில்லை, அடிக்கவும் இல்லை. ஆனால் பிறந்த ஊரிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இதையும் அரச வன்முறை என்று சொல்லலாமா? – வாசகி, கீரிப்பாறை

பதில்: சொல்லலாம், சொல்லவும் வேண்டும். விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. தேயிலைதான் அன்று அந்நாட்டின் முதன்மை ஏற்றுமதி. அந்நியச் செலாவணியைத் தன் விரல் நுனியால் கொய்து கொடுத்தவருக்கே வாக்கு இல்லை என்றால், கூலியை உயர்த்தக் கேட்க அவர் எந்த வாசலுக்குப் போவார்? 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பிரித்தது. உங்கள் பாட்டி அந்தக் கணக்கில் ஒருவர். அவரிடம் யாரும் விருப்பம் கேட்டு அந்தக் கணக்கைப் போடவில்லை.

பிறகு நடந்ததையும் தொடர்ந்து பாருங்கள். 1977-ல் ஆட்சிக்கு வந்த ஜெயவர்த்தன பொருளாதாரத்தை வெளி முதலீட்டுக்குத் திறந்தார். 1978-ல் கட்டுநாயக்கவில் தடையற்ற வர்த்தக வலயம் வந்தது. 1979-ல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 பேர் வேலை நீக்கம் செய்யப்பட்டனர். தமிழர் மீதான வன்முறையைப் பொருளாதாரத்தால் மட்டும் விளக்க முடியாது, 1983 ஜூலைக்குப் பேரினவாதம் என்ற தனி வேர் உண்டு. ஆனால் ஒருவருக்காகச் செய்த விலங்கு மற்றவர் கைக்கும் பொருந்தும். தமிழ் இளைஞர்களை அடைத்து வைத்த அதே 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான், நாடு கடன் கட்ட முடியாமல் கைவிரித்த 2022-ல், போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அடுத்த மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டாலர் பன்னாட்டு நிதியக் கடன் ஒப்புதலானது.

கேள்வி: ஆப்பிரிக்காவையும் சிலியையும் பற்றி எழுதுகிறீர்கள். எங்கள் கடற்கரை மணலைப் பற்றி ஏன் எழுதுவதில்லை? இங்கே நடப்பது மக்களாட்சிதானே? – வாசகர், மிடாலம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. நம் மணலின் கதையும் ஏற்றுமதியில்தான் தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் தரும் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். ஐரோப்பாவின் வாயு விளக்குகளுக்கு வேண்டிய தோரியத்துக்காக மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. 1950-ல் இந்திய அரசின் அருமணல் நிறுவனம் உருவானது. வெளிநாட்டு வணிகரிடமிருந்து நாட்டின் கைக்கு வந்தது பெரிய மாற்றம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, உரிமையாளர் அரசுதான் என்பதால் உங்கள் அச்சம் குறையவில்லை. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பினால் ஒத்திவைக்கப்பட்டது.

மக்களாட்சியில் துப்பாக்கி வெடிக்காது என்று சொல்ல முடியாது. 1989 மே 1 அன்று நாடெங்கிலும் இருந்து மீனவர்கள் பேரணியாக வந்து கன்னியாகுமரியில் கூடியபோது காவல்துறை சுட்டது, பலர் காயமடைந்தனர். 2012 ஆகஸ்ட் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் மரிக்கானாவில், இலண்டன் பங்குச் சந்தையில் பதிவான பிளாட்டினம் கம்பெனியிடம் கூலி உயர்வு கேட்ட 34 தொழிலாளர்களைச் சுட்டது நிறவெறி அரசு அன்று, அவர்களே வாக்களித்து அமைத்த அரசு. 2018 மே மாதம் தூத்துக்குடியில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. மராட்டியத்தின் இரத்தினகிரியில் மக்கள் எதிர்த்து விரட்டிய ஸ்டெர்லைட் செம்பு ஆலை, வெளிநாட்டுத் தாதுவை இறக்கி உருக்குவதற்காக இங்கே வந்தது. அதன் நச்சை எதிர்த்து மக்கள் ஊர்வலம் போனபோதும் அதைத் தொடர்ந்தும் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை என்றே நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் கண்டது.

வேறுபாடு ஒன்று உண்டு. இங்கே ஆணையம் அமைகிறது, அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது, 2024-ல் உச்ச நீதிமன்றம் ஆலையைத் திறக்கக் கேட்ட மனுவைத் தள்ளுபடி செய்கிறது. குவாதமாலாவின் மாயா கிராமத்தவருக்கு இவற்றில் ஒன்றும் அன்று இருக்கவில்லை. இந்த வழிகளை அற்பம் என்று ஒதுக்காதீர்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் மீண்டும் அறிவிக்கப்பட்டால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

கருங்கல் வாசகி தம் கடிதத்தின் முடிவில், ஆப்பிரிக்காவிலேயே அண்டி உடைக்கத் தொடங்கினால் எங்கள் வேலை போய்விடாதா என்றும் கேட்டிருக்கிறார். அந்த அச்சம் பொய்யல்ல. இன்று உலகில் மிக அதிகமாக முந்திரி விளைவிக்கும் ஐவரி கோஸ்ட் தன் ஆலைகளை வளர்க்கிறது. மொசாம்பிக் நாடாளுமன்றம் ஏற்றுமதி வரியை மீண்டும் உயர்த்தியபின் வடக்கே நம்புலா மாகாணத்தில் ஆலைகள் திரும்ப எழுந்தன. கொட்டை கிடைக்காமல் இங்கே ஆலைகள் மூடப்படுவதற்கு அது ஒரு காரணம், வியட்நாமின் இயந்திர ஆலைகள் இன்னொன்று. நம்புலாவில் ஒரு பெண்ணுக்கு வேலை கிடைப்பதை எதிர்த்து நான் எழுத மாட்டேன். ஆனால் அந்த மாற்றத்தின் சுமை முழுவதையும் கருங்கல்லில் இருக்கும் ஒரு பெண் தாங்குவதையும் ஏற்க மாட்டேன். ஆலை மூடினால் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை பாக்கி ஆகியவை சட்டப்படி வர வேண்டியவை. உங்கள் ஆலையில் தொலி உரிக்கக் கிலோவுக்கு என்ன கூலி, வைப்பு நிதி பிடிக்கிறார்களா, ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை என்பதை எழுதி அனுப்புங்கள். பெயரும் ஆலையும் வெளியிடாமல், அடுத்த இதழில் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டு எழுதுகிறேன்.